மீட்டெடுத்த பழைய வண்டிக்கு எந்தப் பதிவு: புதுப்பிப்பா, விண்டேஜா, வீட்டுக் காட்சியா?

கம்மவான்பேட்டையிலோ குடியாத்தத்திலோ ஒரு வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாகச் சாக்கு போர்த்திக் கிடந்த அப்பாவின் புல்லட்டை மகன் வெளியே இழுக்கிறார். துரு நீக்கி, ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்கி), டாங்கிக்கு வண்ணம் பூசி, ஓராண்டு உழைப்புக்குப் பிறகு எஞ்சின் உதைக்குப் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுகிறார். அது அப்பாவின் பெயரில் இருக்கிறது, பதிவுக்காலம் எப்போதோ முடிந்திருக்கிறது, அப்பாவும் இல்லை. இந்த நிலையில், சாதாரணப் பதிவையே புதுப்பிப்பதா, ஐம்பது ஆண்டு கடந்த பழைய வண்டிகளுக்கென 2021-இல் வந்த விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிப்பதா, பதிவே வேண்டாம் என்று வீட்டு முற்றத்தில் காட்சிக்கு நிறுத்திவிடுவதா என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். எங்கள் வட ஆற்காட்டுப் பகுதியில் படைக்குப் போனவர்கள் மிகுதி என்பதால் புல்லட்டும் ஜீப்பும் வீட்டுக்கு வீடு பேச்சில் உண்டு. அப்பாவின் 1974-ஆம் ஆண்டுப் புல்லட்டுக்காக நானும் இதே மூன்று வழிகளின் முன் நின்றவன் என்பதால், கேட்கிறவர்களுக்குச் சொல்வதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

முதலில் ஓர் அச்சத்தை விலக்கிவிட வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியைக் கட்டாயம் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். பத்தாண்டு டீசல், பதினைந்தாண்டு பெட்ரோல் என்ற வயது வரம்பு டெல்லியையும் அதைச் சுற்றிய பகுதியையும் சார்ந்த உத்தரவுகளிலிருந்து வந்த பேச்சு. தமிழ்நாட்டில் தனிநபரின் சொந்த வண்டி, ஆய்வில் தேறும்வரை, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படலாம்.

எதை வைத்து முடிவு செய்வது

நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பதில் நிரப்பிக்கொண்டால் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். வண்டியை எதற்காக ஓட்டப்போகிறோம்? புத்தகத்தில் உள்ள எண்களும் இரும்பில் பொறித்த எண்களும் ஒத்துப்போகின்றனவா? பத்து ஆண்டுக் கணக்கில் எவ்வளவு செலவாகும்? பழைய எண் நம்மிடமே தங்குமா? இவற்றில் இரண்டாவது கேள்விதான் மற்ற மூன்றையும் ஆட்டிவைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பழைய புல்லட்டில் சேஸிஸ் எண், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கான எண், கைப்பிடி பொருந்தும் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கள் வண்டியின் சட்டத்தை ஒரு பட்டறையில் சாண்ட் பிளாஸ்டிங்குக்கும் (மணல் பீய்ச்சித் துரு எடுப்பது) பவுடர் கோட்டிங்குக்கும் (பொடி வண்ணம் ஏற்றுவது) கொடுத்தபோது, அந்த இடத்தை ஒட்டுத்தாள் போட்டு மறைக்கச் சொல்ல நான் தவறிவிட்டேன். வண்டி பளபளவென்று வந்தது. ஆய்வு நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் ஊரில் இன்னும் அப்படித்தான் அழைக்கிறார்கள்) குனிந்து, கழுத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை அழுத்திப் பிடித்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். தாளில் முதல் மூன்று இலக்கங்கள் எழுந்தன. அடுத்த இரண்டு வெறும் கறுப்பாக நின்றன. தாளை என்னிடம் காட்டிவிட்டு, பூச்சை நீக்கிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது முற்றிலும் சரி. பூச்சைத் தின்னரில் ஊறவைத்து, மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி, அந்த இரண்டு இலக்கங்களை மீட்க மூன்று வாரம் ஆனது. நல்லவேளையாக எண் பூச்சுக்கு அடியில் உயிரோடிருந்தது. கிரைண்டர் பட்டு எண் தேய்ந்துபோயிருந்தால் நிலைமையே வேறு. தேய்ந்த எண்ணை யாரும் தாமாகவே மீண்டும் பொறித்துவிடக் கூடாது. நல்ல நோக்கத்தோடு செய்தாலும் அது திருட்டு வண்டிக்குச் செய்யும் வேலையாகவே பார்க்கப்படும். பதிவு அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்து, அவர்கள் சொல்லும் வழியில்தான் போக வேண்டும்.

எஞ்சின் எண்ணில் சிக்கல் வருவது இதைவிட அதிகம். ஒரு காலத்தில் பழைய புல்லட்டுகளிலும் அம்பாசிடர்களிலும் டீசல் எஞ்சினை இறக்கிப் பொருத்துவது சாதாரண வழக்கமாக இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆகவே எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால், புத்தகத்தில் அந்த மாற்றம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டறைக்குப் பணம் கொடுக்க வேண்டும். வண்ணமும் புத்தகத்தில் உள்ள விவரம்தான். கறுப்பு என்று எழுதியிருக்கும் வண்டியைச் சிவப்பாக்கிக்கொண்டு போனால் அதற்கும் தனியே விண்ணப்பிக்க நேரும்.

முதல் வழி: சாதாரணப் பதிவைப் புதுப்பித்தல்

சொந்த உபயோக வண்டியின் முதல் பதிவு பதினைந்து ஆண்டுக்கு. அதன்பின் ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டுக்கு. படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியை நேரில் ஆய்வுக்குக் காட்ட வேண்டும். காப்பீடும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்கு, எஞ்சின் ஐடிலில் (வண்டி நின்றபடி ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல்) ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 4.5 விழுக்காடுவரை அனுமதி உண்டு. கார்புரேட்டரைச் சரியாக டியூன் செய்த பழைய எஞ்சின் இந்த வரம்புக்குள் நிற்கும் என்பது என் அனுபவம்; ஆகவே புகைச் சோதனையை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை.

இந்த வழியின் பெரும் நன்மை, வண்டியை எந்தக் கட்டுப்பாடும் இன்றி ஓட்டலாம் என்பது. காலையில் காட்பாடி ரயில் நிலையத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அதே வண்டியில் போகலாம். பழைய மூன்றெழுத்து எண்ணும் அப்படியே தங்குகிறது. அப்பாவின் வண்டியை மீட்பவர்களுக்கு அந்த எண் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று, தாமதக் கட்டணம். பதிவுக்காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் இருசக்கர வண்டிக்கு ரூ.300, மற்ற சொந்த வண்டிகளுக்கு ரூ.500 கூடுதல் கட்டணம் என்று விதி சொல்கிறது. ஐந்து ஆண்டு விட்டுப்போயிருந்தால் புல்லட்டுக்கு ரூ.18,000, காருக்கு ரூ.30,000. புதுப்பிப்புக் கட்டணத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் திகைத்து நிற்கிறார்கள். ஆகவே உங்கள் வண்டிக்கு மொத்தம் எவ்வளவு என்பதைப் பட்டறை வேலை தொடங்கும் முன்பே அலுவலகத்தில் கணக்கிட்டு வாங்கிவிடுங்கள். பழைய வண்டிகளுக்கான பசுமை வரியையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டு, பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை தேவைப்படும். சட்டப்படி இதை மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டும். நடைமுறையில் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்தே பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அதற்குள் ஓர் அக்கா வெளிநாட்டில் இருப்பார், ஒரு சித்தப்பா பேச்சுவார்த்தையில் இருக்க மாட்டார். கையெழுத்து வாங்க முடியாமல், முழுதாகத் தயாரான ஒரு ஜாவா இன்னும் ஆற்காட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் நிற்பதை நான் அறிவேன்.

மூன்று, பழைய பதிவேடு. 1989-க்கு முந்தைய வண்டிகளின் விவரம் பெரும்பாலும் கணினியில் இருப்பதில்லை. எண்ணைத் தட்டினால், வண்டிப் பதிவுக்கான அரசு இணையதளமான பரிவாகன் தளம் பதிவு இல்லை என்றே சொல்லும். அலுவலகத்தின் பி ரிஜிஸ்டர் என்ற பழைய கையெழுத்துப் பதிவேட்டில் தேடி எடுத்து, பேக்லாக் என்ட்ரி (பழைய விவரத்தைக் கணினியில் ஏற்றுவது) போட்ட பிறகே விண்ணப்பமே நகரும். இதில் எங்கள் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் உருவாயின. நீங்கள் இன்று ராணிப்பேட்டையின் டிஎன் 73 எல்லையில் வசித்தாலும் தாத்தா பதிந்த ஏடு வேலூரின் டிஎன் 23 அலுவலகத்தின் அலமாரியில் இருக்கலாம். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் ஆரணிக்காரருக்கும் அப்படியே நேரலாம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் எந்த அலுவலக முத்திரை இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த அலுவலகத்துக்கே முதலில் போங்கள். புத்தகமே தொலைந்திருந்தால், காவல்துறையிடம் தொலைந்த ஆவண அறிக்கை பெற்று, படிவம் 26-இல் நகல் கேட்க வேண்டும்.

இரண்டாம் வழி: விண்டேஜ் பதிவு

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்க்கப்பட்ட பகுதி இது. முதல் பதிவு நாளிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு உரியது. தயாரான ஆண்டைக் கொண்டு கணக்கிடுவது இதில் அடிக்கடி நேரும் தவறு. புத்தகத்தில் உள்ள முதல் பதிவுத் தேதிதான் கணக்கு. 1978-இல் பதிந்த யெஸ்டியோ பிரீமியர் பத்மினியோ எவ்வளவு அழகாக மீட்கப்பட்டிருந்தாலும் இன்னும் சில ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

படிவம் 20, காப்பீடு, கட்டணம், இந்தியாவில் ஏற்கெனவே பதிந்த வண்டியானால் பழைய ஆர்.சி., வெளிநாட்டிலிருந்து இறக்கியதானால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி ஆகியவற்றோடு பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசு அமைக்கும் குழு வண்டியைப் பார்த்துத் தகுதியை முடிவுசெய்யும். அறுபது நாளுக்குள் படிவம் 23ஏ-இல் பதிவுச் சான்று தர வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே எண் உள்ள வண்டி அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவைக்கு டிஎன் என்ற எழுத்துகளை அடுத்து விஏ என்ற அடையாளத்துடன் எண் வரும்.

மீட்டெடுத்த வண்டிக்கு இங்கே ஒரு கடுமையான நிபந்தனை இருக்கிறது. வண்டி தன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யும் அளவுக்குப் பெரிய வேலை நடந்திருக்கக் கூடாது. அதே மாதிரி பிஸ்டன் போட்டு ரீபோர் செய்வதை நான் மாற்றமாகக் கருதவில்லை. ஆனால் வண்டியின் இரும்புச் சட்டத்தை வெட்டி நீட்டியதும், மேற்கூரையை அறுத்ததும், வேறு கம்பெனி எஞ்சினை உட்காரவைத்ததும் கண்டிப்பாக மாற்றம்தான். ஆகவே இந்த வழியை நினைப்பவர்கள் வேலைக்கு முன்னும் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து, வாங்கிய உதிரிபாகங்களின் ரசீதுகளைக் கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும்.

அடுத்த நிபந்தனை ஓட்டத்தைப் பற்றியது. விண்டேஜாகப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக எடுத்துப் போகலாம். வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஒரு கண்காட்சி நடந்தால் ஓட்டிச் செல்லலாம். மகளைப் பள்ளியில் இறக்கிவிட முடியாது. இதைத் தெரியாமல் பதிந்துவிட்டு வருந்துவதைவிட, வருடத்தில் எத்தனை நாள் எதற்காக இந்த வண்டியை எடுப்போம் என்று முன்பே எண்ணிப் பார்ப்பது நல்லது.

பணக் கணக்கு

இருபது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் உயர்த்தப்பட்ட புதுப்பிப்புக் கட்டணத்தையும் விண்டேஜ் கட்டணத்தையும் முதல் பத்து ஆண்டுக்கு அருகருகே வைக்கிறேன். தாமதக் கட்டணம், வரி, காப்பீடு ஆகியவை இதில் சேரவில்லை.

| வண்டி | சாதாரணப் புதுப்பிப்பு (5 ஆண்டு × 2) | விண்டேஜ் பதிவு (10 ஆண்டு) |
|---|---|---|
| இருசக்கர வண்டி | ரூ.4,000 | ரூ.20,000 |
| இந்தியாவில் தயாரான கார் | ரூ.20,000 | ரூ.20,000 |
| இறக்குமதியான இருசக்கர வண்டி | ரூ.40,000 | ரூ.20,000 |
| இறக்குமதியான கார் | ரூ.1,60,000 | ரூ.20,000 |

விண்டேஜ் பதிவின் அடுத்த மறுபதிவுக்குக் கட்டணம் ரூ.5,000 மட்டுமே. புல்லட், ஜாவா, லாம்ப்ரெட்டா வைத்திருப்பவருக்குப் பணத்தளவில் விண்டேஜ் பதிவால் எந்த நன்மையும் இல்லை என்பதை இந்த அட்டவணை தெளிவாகவே காட்டுகிறது. தாத்தா காலத்து மோரிஸையோ ஆஸ்டினையோ காக்கும் குடும்பத்துக்கு நிலைமை நேர்மாறு. அந்த வண்டியை யாரும் அன்றாடம் ஓட்டப்போவதும் இல்லை.

காப்பீட்டிலும் ஒரு வேறுபாடு உண்டு. விண்டேஜாகப் பதிந்த காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி என்று 2022-ஆம் ஆண்டு அறிவிப்பு சொல்கிறது. ஆனால் எந்தப் பதிவானாலும் வெறும் மூன்றாம் நபர் காப்பீடு உங்கள் உழைப்புக்குக் காவல் ஆகாது. தீப்பிடித்தாலோ திருடுபோனாலோ மீட்புக்குச் செலவிட்ட தொகையில் ஒரு ரூபாயும் திரும்ப வராது. ஐந்து ஆண்டு கடந்த வண்டியின் மதிப்பு, காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் என்பதால், ரசீதுக் கோப்போடு போய் மதிப்பைப் பேசி எழுதவைக்க வேண்டும். முதலில் கேட்ட இடத்தில் மறுத்தால் அடுத்த நிறுவனத்தைக் கேளுங்கள்.

மூன்றாம் வழி: பதிவின்றிக் காட்சிக்கு வைத்தல்

இதில் அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் இல்லை, ஆய்வு இல்லை. ஆனால் பதிவு நடப்பில் இல்லாத வண்டியைத் தெருமுனைவரை ஓட்டினாலும் குற்றம்தான். 192-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே ரூ.2,000 முதல் ரூ.5,000 வரை அபராதம். விபத்து நேர்ந்துவிட்டால் அபராதம் மிகச் சிறிய கவலையாகிவிடும். காப்பீடில்லாத வண்டியின் இழப்பீடு முழுவதும் உரிமையாளரின் தலையில் விழும். எங்கே கொண்டு போனாலும் மினி லாரியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். ஓடாமல் நிற்கும் எஞ்சின் மெல்ல இறுகிக்கொள்வதையும் செலவாகவே எண்ண வேண்டும்.

இரண்டு ஜீப்புகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கிய வண்டி, எஞ்சின் எண்ணுக்கு எந்த ஆதாரமும் கிடைக்காத வண்டி, யாருடைய பெயரில் இருந்தது என்றே தெரியாமல் கைமாறி வந்த வண்டி ஆகியவற்றுக்கு இதுவே நேர்மையான வழி. காகிதம் செய்து தருகிறேன் என்று வருகிற தரகரிடம் அகப்பட வேண்டாம். அவர் வேறொரு செத்த வண்டியின் புத்தகத்தைத்தான் கொண்டுவருவார். அந்த எண் உங்கள் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து பொறுப்பும் உங்களுடையது.

வாங்கி மீட்க நினைப்பவர்களுக்கு

எல்லையில் இருக்கும் நமக்குச் சித்தூர், பலமனேர் வண்டிகள் எளிதாகக் கிடைக்கும். விலை குறைவு என்று பேசி முடிக்கும் முன், அந்த அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கித் தர விற்பவர் ஒத்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள். அது வந்த பிறகும் இங்கே வரி உண்டு, புது டிஎன் எண் உண்டு. பழைய எண் தங்காது.

ராணுவம் ஏலத்தில் விட்ட வண்டியானால், பாதுகாப்புத் துறை அதிகாரி படிவம் 21-இல் தந்த விற்பனைச் சான்று இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் பொதுப் பதிவே தொடங்கும். அரசுத் துறை ஜீப் ஏலம் என்று யாராவது அழைத்தால் மிகுந்த கவனம் தேவை. பதினைந்து ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. அவை உடைப்புக்கே போக வேண்டியவை.

என் தேர்வும் காரணமும்

எண்கள் ஒத்துப்போகும் இருசக்கர வண்டிக்கு, வயது ஐம்பதைத் தாண்டியிருந்தாலும், தாமதக் கட்டணத்தைச் செலுத்திச் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதையே நான் பரிந்துரைப்பேன். எங்கள் புல்லட்டுக்கும் அதையே செய்தேன். தாமதக் கட்டணத்துக்கு அஞ்சி விண்டேஜ் பக்கம் போக நினைப்பவர்கள், ஒரு முறை கட்டும் பணத்துக்காகப் பத்து ஆண்டு ஓட்டத்தை இழக்கிறோமே என்று யோசிக்க வேண்டும். இந்தியக் கார்களில் கட்டணம் சமமாக நிற்பதால் உபயோகம்தான் முடிவு செய்ய வேண்டும்: ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் குடும்பத்தோடு கோயிலுக்கு எடுத்துப் போக விரும்பினால் புதுப்பிப்பு, ராலிக்கும் கண்காட்சிக்கும் மட்டும் என்றால் விண்டேஜ். இறக்குமதிக் காருக்கு மூல வடிவம் கெடாமல் இருந்தால் விண்டேஜ் தவிர வேறு வழியை நினைக்கவே வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். வண்டியைப் பிரிக்கும் முன்பே ஒரு வெள்ளைத் தாளும் மென்மையான பென்சிலும் எடுத்து, கழுத்து எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தேய்த்துப் படியெடுங்கள். புத்தகத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். அந்தத் தாளோடு பதிவு அலுவலகத்தில் ஏட்டைப் பார்க்கக் கேளுங்கள். வாரிசுச் சான்றுக்கு அதே வாரம் விண்ணப்பித்துவிடுங்கள். பட்டறைக்கு வண்டியின் சட்டம் போகும் நாளில், எண் உள்ள இடத்தின் மேல் ஒட்டுத்தாளை நீங்களே இரண்டு அடுக்காக ஒட்டிக் கொடுங்கள்.